மன்றோவா, கார்பெட்டா, வெயின்ரைட்டா: எந்த மலைப் பட்டியலைப் பிடிப்பது?

அக்கா மகன் கிளாஸ்கோவுக்கு வேலைக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது. வந்த புதிதில் குளிரைத் திட்டிக்கொண்டிருந்தவன், போன மாதம் போனில் வேறு ராகம் பாடினான். "மாமா, ஆபீஸ்ல எல்லாரும் மன்றோ மன்றோன்னு பேசிக்கறாங்க. ஒருத்தர் நூத்திநாப்பது முடிச்சுட்டாராம். நானும் ஆரம்பிக்கலாமா? இல்ல, வேற நல்ல லிஸ்ட் இருக்கா?"

நான் மான்செஸ்டர்வாசி. பதினோரு வருடமாகச் சனிக்கிழமைகளில் மலை நடக்கிறேன். பெரிய வீரன் இல்லை; முழங்கால் பட்டையும் தயிர்சாதமுமாகப் போகிற ஆள்தான். ஆனால் ஒரு பட்டியலை எடுத்து அதிலுள்ள மலைகளை ஒவ்வொன்றாக ஏறி முடிக்கும் இந்த விவகாரத்தில் தப்பான இடத்தில் தொடங்கி மூன்று வருடத்தை வீணாக்கியவன் என்ற முறையில் அவனுக்குச் சொல்ல விஷயம் இருந்தது. போனில் சொன்னது முக்கால் மணி நேரம் ஓடிவிட்டது. மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். சென்னைத் தீவுத்திடல் பக்கம் குதிரைமேல் உட்கார்ந்திருக்கும் தாமஸ் மன்றோ வேறு. அவரும் கிளாஸ்கோவில் பிறந்தவர்தான், ஆனால் மலைப் பட்டியலுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. நம்மவர் சர் ஹியூ மன்றோ. 1891இல் ஸ்காட்டிஷ் மலையேற்றக் கழகத்தின் இதழில் ஒரு அட்டவணை வெளியிட்டார். ஸ்காட்லாந்தில் 3,000 அடிக்கு மேல் உள்ள உச்சிகள், மொத்தம் 538. இவற்றில் எது தனி மலை, எது பக்கத்து மலையின் துணை உச்சி என்றும் பிரித்துக் காட்டினார். அன்றிலிருந்து அந்தத் தனி மலை ஒவ்வொன்றுக்கும் பெயர் 'மன்றோ'. இன்றைய கணக்கில் 282.

எப்படிப் பிரித்தார் என்பதில்தான் வேடிக்கை. விதி எதுவும் எழுதி வைக்கவில்லை. இரண்டு மேடுகளுக்கு நடுவே போதிய இடைவெளி இருந்தால் இரண்டு மலை, இல்லாவிட்டால் ஒன்று. எது போதிய இடைவெளி? அவருக்குத் தோன்றியதுதான். பின்னால் வந்தவர்களும் அப்படியே பார்த்துப் பார்த்துத் திருத்தினார்கள். 1997இல் மட்டும் எட்டுத் துணை உச்சிகளுக்குப் பதவி உயர்வு கிடைத்தது.

எது தனி மலை என்பது இப்படிக் கண்பார்வைக்கு விட்ட விஷயம். உயர வரம்பு மட்டும் கறார். 3,000 அடி என்றால் 914.4 மீட்டர். 2011இல் பெய்ன் எ க்ளாயிவ் என்ற மலையைத் துல்லியமான ஜிபிஎஸ் கருவி வைத்து அளந்தார்கள். 913.96 மீட்டர் வந்தது. நாற்பத்து நாலு சென்டிமீட்டர் குறைவு. என் முழங்கால் உயரம்கூட இல்லை. அடுத்த வருடம் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். 2009இல் இன்னொரு மலைக்கும் இதே கதி. 284 என்று இருந்தது 283 ஆகி, 282 ஆனது இப்படித்தான்.

நான் ஆரம்பித்தது மன்றோக்களில். எல்லோரும் அதில்தான் ஆரம்பிக்கிறார்கள், காரணம் புகழ். முடித்தவர்களுக்கென்று கழகம் ஒரு பதிவேடு வைத்திருக்கிறது, 7,000 பேருக்கு மேல் இருக்கிறார்கள். முதலில் முடித்தவராகச் சொல்லப்படுபவர் ராபர்ட்சன் என்ற பாதிரியார், 1901இல். கடைசி உச்சியில் முதலில் கல்குவியலுக்கு முத்தம் கொடுத்துவிட்டு அப்புறம்தான் மனைவிக்குக் கொடுத்தாராம். (பென் விவிஸ் மலையில் மழை என்று உச்சியைத் தொடாமல் திரும்பிவிட்டாரோ என்ற சந்தேகம் அவர் பேரில் இன்னும் இருக்கிறது. பட்டியல் போடுகிறவர்கள் எதையும் மறக்க மாட்டார்கள்.) பட்டியலைத் தந்த மன்றோவே 1919இல் முடிக்காமல்தான் இறந்தார். ஸ்கை தீவில் இருக்கும் 'ஏற முடியாச் சிகரம்' என்ற கல் துடுப்பு அவருக்குக் கடைசிவரை வசப்படவில்லை. இன்றைக்கும் கயிறு கட்டி ஏற வேண்டிய ஒரே மன்றோ அதுதான். நம்மைப் போன்றவர்கள் ஒரு நாள் வழிகாட்டிக்குப் பணம் கட்டிப் போக வேண்டும்.

மன்றோக்களின் சிக்கல் உயரத்தில் இல்லை, தூரத்தில்தான். மான்செஸ்டரிலிருந்து ஃபோர்ட் வில்லியம் போக ஆறு மணி நேரக் காரோட்டம். வெள்ளி இரவு கிளம்பி, சனி ஏறி, ஞாயிறு மழையில் விடுதி ஜன்னலைப் பார்த்துவிட்டுத் திரும்பினால், ஒரு மன்றோவுக்கு ஒரு டாங்க் பெட்ரோல் என்று கணக்கு வரும். வருடத்துக்கு எட்டுப் பயணம், பயணத்துக்கு மூன்று உச்சி என்று தாராளமாகவே போட்டாலும் 282-ஐ முடிக்கப் பன்னிரண்டு வருடம். நான் மூன்று வருடத்தில் பதினாறு முடித்திருந்தேன். அதில் ஐந்தில் மூடுபனியைத் தவிர வேறொன்றும் பார்க்கவில்லை.

இன்னொரு குறை, உயரம் மட்டுமே அளவுகோல் என்பதால் வருவது. க்ளென்ஷீ பக்கம் கெயர்ன்வெல் என்று ஒரு மன்றோ, 933 மீட்டர். பனிச்சறுக்கு மையத்தின் கார் நிறுத்துமிடமே ஏறக்குறைய 650 மீட்டரில் இருக்கிறது. சறுக்குக் கம்பிவடங்களுக்குப் பக்கத்திலேயே நடந்து ஒரு மணி நேரத்துக்குள் உச்சிக்குப் போய் டிக் அடித்துவிடலாம். மேலே ஒரு தொலைத்தொடர்புக் கோபுரம் நிற்கிறது. வடமேற்கில் சூல்வென் என்று ஒரு மலை: தட்டையான சதுப்பு நிலத்துக்கு நடுவே கவிழ்த்து வைத்த படகு மாதிரி தனியாக நிற்கும். பார்த்த எவருக்கும் மறக்காது. போக வர இருபது கிலோமீட்டர் நடக்க வேண்டும். உயரம் 731 மீட்டர்தான், அதனால் மன்றோக்காரர்களின் கணக்கில் அது இல்லவே இல்லை.

இதைச் சரிசெய்ய வந்ததுதான் அடுத்த வகைப் பட்டியல்கள். அவற்றைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு சொல் தெரிந்தால் போதும்: இறக்கம். ஒரு உச்சியில் நிற்கிறீர்கள். அதைவிட உயரமான இன்னொரு உச்சிக்குப் போக வேண்டும். எந்த வழியாகப் போனாலும் கொஞ்சம் இறங்கித்தான் ஏற வேண்டும். இருப்பதிலேயே குறைவாக இறங்கும் வழியில் எத்தனை மீட்டர் இறங்குகிறீர்களோ அதுதான் அந்த மலையின் இறக்கம். பக்கத்து மலையின் தோளில் ஒட்டிக்கொண்டிருக்கும் மேட்டுக்கு இறக்கம் பத்துப் பதினைந்து மீட்டர்தான் வரும். தனியாக நிற்கும் மலைக்கு நூற்றுக்கணக்கில் வரும்.

வீட்டிலேயே செய்து பார்க்கலாம். பிரிட்டனின் அரசு நில அளவைத் துறையான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் வரைபடத்தை மேசையில் விரியுங்கள், ஆரஞ்சு அட்டை போட்ட விரிவான மேப் இருந்தால் நல்லது. மலைப்பகுதியில் பழுப்புக் கோடு ஒவ்வொன்றும் பத்து மீட்டர் உயர வித்தியாசம். ஐந்தாவது கோடு கொஞ்சம் தடிப்பாக இருக்கும். உச்சியில் பென்சில் முனையை வைத்து, அதைவிட உயரமான பக்கத்து மலையை நோக்கி முதுகு மாதிரி போகும் மேட்டின் வழியே கோடுகளை எண்ணிக்கொண்டே இறங்குங்கள். கோடுகள் இருபுறமும் விலகி, நடுவே குதிரைச் சேணம் மாதிரி ஒரு வெற்றிடம் வரும். அதுதான் கணவாய். எண்ணியதைப் பத்தால் பெருக்கினால் இறக்கம் வந்துவிடும். என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இதைச் செய்யும்போது மனைவி ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, "ஜாதகம் பாக்கற மாதிரி பாக்கறீங்களே" என்றாள்.

இந்த இறக்கத்தை முதலில் கறாராகப் பிடித்தவர் ஜான் ரூக் கார்பெட். 2,500 அடிக்கு மேல், 3,000க்குக் கீழ், எல்லாப் பக்கமும் குறைந்தது 500 அடி இறக்கம். இவைதான் கார்பெட்டுகள், இன்றைக்கு 222. அவர் 1949இல் இறந்த பிறகுதான் பட்டியல் அச்சில் வந்தது. மன்றோவிலிருந்து விழுந்த பெய்ன் எ க்ளாயிவ் நேராக இதில் வந்து உட்கார்ந்தது. 2,500க்குக் கீழே, 2,000 அடியை ஒட்டி முடிகிற தட்டு கிரஹாம்கள். சூல்வென்னுக்கு அங்கேதான் இடம். இறக்க விதி ஏறக்குறைய அதேதான். தெற்கு ஸ்காட்லாந்து மேட்டுநிலங்களுக்கு டொனால்டுகள் என்று 1935இலிருந்து ஒரு பட்டியல் உண்டு. அதன் சூத்திரத்தை நான் இரண்டு முறை படித்தேன், இரண்டு முறையும் டீ ஆறிவிட்டது.

500 அடி இறக்கம் என்ற விதி உங்கள் காலுக்கு என்ன செய்யும் என்று யோசியுங்கள். தெற்கு க்ளென் ஷீல் முகட்டில் ஒரே நாளில் ஏழு மன்றோ முடிக்கலாம். ஒருமுறை மேலே ஏறிவிட்டால் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு முகட்டோடு போய்க்கொண்டே இருக்கலாம். கார்பெட்டில் அந்தச் சலுகை கிடையாது. ஒவ்வொன்றுக்கும் கீழே வந்து மறுபடி ஏற வேண்டும். நாளைக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. 222 என்பது 282-ஐவிடச் சிறிய எண் என்று நினைத்து இறங்கியவர்கள், இதுதான் அதிக உழைப்பு என்று பாதியில் கண்டுபிடிப்பார்கள். கைம்மாறாகக் கிடைப்பது தனிமையும் காட்சியும். ஒதுங்கி நிற்கும் மலை என்பதால் சுற்றி இருக்கிற பெரிய மலைகள் எல்லாம் முழுசாகத் தெரியும். பாதை மட்டும் பல இடங்களில் இருக்காது. புல், சேறு, மறுபடி புல்.

இறக்கத்தை அதன் எல்லைவரை கொண்டுபோனவர் ஆலன் டாசன். 1992இல் உயர வரம்பையே தூக்கி எறிந்தார். 150 மீட்டர் இறக்கம் இருந்தால் போதும், உயரம் எவ்வளவாக இருந்தாலும் சரி, பிரிட்டனில் எங்கே இருந்தாலும் சரி. மன்றோவுக்கு எதிர்ப்பாட்டாக 'மர்லின்' என்று பெயர் வைத்தார், மர்லின் மன்றோ நினைவில். மொத்தம் 1,550க்கு மேல். முக்கால் பங்குக்கு மேல் ஸ்காட்லாந்தில். இதில் தமாஷான விளைவுகள் உண்டு. இங்கிலாந்தின் மிக உயரமான ஸ்காஃபெல் பைக் மர்லின். அதன் பக்கத்தில் 964 மீட்டர் உயரத்தில் நிற்கும் ஸ்காஃபெல் மர்லின் இல்லை, ஏனென்றால் இரண்டுக்கும் நடுவில் இறக்கம் சுமார் 130 மீட்டர்தான். லண்டனுக்குத் தெற்கே, சரே மாவட்டத்தில் 294 மீட்டர் லீத் ஹில் மர்லின்! பிரைட்டன் பக்கத்து டிச்லிங் பீக்கனும் மர்லின், 248 மீட்டர். உயரத்தை மட்டும் பார்த்தால் சிரிப்பு வரும், ஆனால் சுற்றுவட்டாரத்தில் தலைநிமிர்ந்து நிற்பது அவைதான்.

இதை முழுசாக முடிப்பதைப் பற்றிக் கனவுகூட வேண்டாம். அட்லாண்டிக் நடுவே செயின்ட் கில்டா தீவுக்கூட்டத்தில் கடலிலிருந்து செங்குத்தாக எழும் இரண்டு பாறைகள் மர்லின் கணக்கில் வருகின்றன. கடற்பறவைகள் கூடு கட்டும் காலம் முடிய வேண்டும், கடல் அமைதியாக வேண்டும், படகிலிருந்து வழுக்குப் பாறைக்குத் தாவ வேண்டும். 2014 அக்டோபரில்தான் ராப் வுடால், எடி டீல்ட்ரி என்ற இருவர் முதன்முதலாக எல்லாவற்றையும் முடித்தார்கள். மற்றவர்களுக்கு 600 மர்லின் ஏறினால் ஒரு கௌரவப் பட்டியலில் பெயர் வரும். நான் நாற்பதோடு நிற்கிறேன். அதில் ஒன்றின் உச்சி அடர்ந்த ஸ்ப்ரூஸ் தோட்டத்துக்குள் இருந்தது. ஒரு மணி நேரம் கிளைகளை விலக்கிக்கொண்டு போய், போனில் ஜிபிஎஸ் காட்டிய இடத்தில் நின்று பார்த்தேன். மரம். நாலு பக்கமும் மரம். சட்டைக்குள் ஊசியிலை.

இங்கிலாந்து, வேல்ஸ் பக்கம் 2,000 அடி கணக்கும் உண்டு. 30 மீட்டர் இறக்கம் கேட்பது ஹ்யூவிட், 15 மீட்டர் போதும் என்பது நட்டால். என் அனுபவத்தில் இரண்டுக்கும் வித்தியாசம், சுற்றியிருக்கும் மேடுகளில் எத்தனை டிக் விழும் என்பதுதான். இதில் எனக்குப் பிடித்த கதை காஃப் டாப் என்ற மலை. 2,000 அடி என்றால் 609.6 மீட்டர் வேண்டும். 2016இல் ஆர்ட்னன்ஸ் சர்வே சரிபார்த்தபோது 609.606 வந்தது. ஆறு மில்லிமீட்டரில் மலையாகிவிட்டது. ஒரு இட்லியை வைத்துத் தூக்கியிருந்தால்கூட இதைவிட அதிகம் வந்திருக்கும்.

இதுவரை சொன்னதெல்லாம் அடியும் மீட்டரும். மூன்றாவது வகைக்கு அளவுகோலே கிடையாது. ஆல்ஃபிரட் வெயின்ரைட் கெண்டல் நகராட்சியில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவர், பின்னால் அதற்கே தலைவரானார். வார விடுமுறைகளில் பஸ் பிடித்து, வடமேற்கு இங்கிலாந்தின் ஏரிப் பகுதியான லேக் டிஸ்ட்ரிக்ட் மலைகளில் நடந்து, திரும்பி வந்து இரவில் மேசையில் உட்கார்ந்து எழுதினார். ஒவ்வொரு பக்கமும் கையெழுத்து, கோட்டோவியம், வரைபடம் எல்லாம் பேனாவில். 1955 முதல் 1966 வரை ஏழு வழிகாட்டி நூல்கள் வந்தன. அவற்றில் தனி அத்தியாயம் பெற்ற 214 மலைகள்தான் 'வெயின்ரைட்டுகள்'. ஏன் இந்த 214? அவருக்குப் பிடித்தது, அவ்வளவுதான். 978 மீட்டர் ஸ்காஃபெல் பைக்கும் உண்டு, ஆயிரம் அடிகூட இல்லாத காசில் க்ராகும் உண்டு. அவருக்கு மிகவும் பிரியமான ஹேஸ்டாக்ஸ் 597 மீட்டர், மன்றோக்காரர் திரும்பியும் பார்க்காத உயரம். 1991இல் அவர் இறந்தபின் அஸ்தியை அங்கேதான் தூவினார்கள்.

அளவுகோல் இல்லாத இந்தப் பட்டியல்தான் மூன்றிலும் நடக்க அருமையானது என்பது என் தீர்ப்பு. காரணம் சாதாரணமானது. ஒருவர் நடந்து நடந்து, ரசித்து, தேர்ந்தெடுத்தது. சப்பையான உச்சிகள் இதிலும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பத்தில் எட்டு தேறும். பக்கம் பக்கமாக இருப்பதால் நாள் நிறையும். ஆம்பிள்சைடிலிருந்து கிளம்பும் ஃபேர்ஃபீல்ட் லாடச் சுற்றில் பதினாறு, பதினேழு கிலோமீட்டரில் எட்டு வெயின்ரைட் வந்துவிடும், முழுக்க முழுக்க முகட்டு நடை. கார்கூட வேண்டாம். விண்டர்மியர் வரை ரயில், அங்கிருந்து 555 பஸ். நாளுக்கு நாலு, வருடத்துக்குப் பதினைந்து நாள் என்று போட்டால் 214-ஐ நாலு வருடத்துக்குள் முடித்துவிடலாம். குழந்தைகளையும் கூட்டிப்போகலாம். என் மகளின் முதல் மலை காசில் க்ராக், ஆறு வயதில். இறங்கி வந்து ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்த பிறகே அதை மலை என்று ஒப்புக்கொண்டாள்.

சரி, முடிவுக்கு வருவோம். மான்செஸ்டர், லீட்ஸ், பிரெஸ்டன் பக்கம் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், வெயின்ரைட். லண்டன், பர்மிங்ஹாம் பக்கம் இருப்பவர்களுக்கு மர்லின் சரிப்படும். எங்கே போனாலும் அரை நாளில் ஒன்று கிடைக்கும். விடுமுறைக்கு வேல்ஸ் போனாலும், கார்ன்வால் போனாலும் அதே பட்டியல் கூடவே வரும். ஆனால் உச்சி என்பது சில நேரம் ஏதோ ஒரு வயல் மூலையாக இருக்கும், அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ள வேண்டும்.

ஸ்காட்லாந்தில் இருப்பவர்களுக்குத்தான் நிஜமான கேள்வி. எல்லோரும் சொல்வது: முதலில் மன்றோ, முடித்துவிட்டு வயதான பிறகு கார்பெட். நான் இதற்கு நேர் எதிர். குளிர்காலம் வந்தால் 3,000 அடிக்கு மேல் பனிக்கோடாரியும், பூட்ஸில் மாட்டும் இரும்பு முட்களும், அவற்றைப் பயன்படுத்தத் தெரிந்த கையும் வேண்டும். டிசம்பரில் வெளிச்சம் ஏழு மணி நேரம்கூட முழுசாகக் கிடைக்காது. நெய்ஸ்மித் என்பவர் 1892இல் போட்ட கணக்கு இன்றும் சரியாக வருகிறது: மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 2,000 அடிக்கும் கூட ஒரு மணி நேரம். அதைப் போட்டுப் பார்த்தாலே புதிதாக வந்தவர் நவம்பருக்குப் பிறகு எந்த மன்றோவுக்குப் போகக் கூடாது என்று தெரிந்துவிடும். நான் ஒரு நவம்பரில் இதைப் போட்டுப் பார்க்காமல் பென் லோமண்ட் போய், கடைசி இரண்டு மைலை போன் டார்ச்சில் இறங்கினேன். பேட்டரி ஒன்பது சதவீதம். மேகம் கொஞ்சம் உயரமாக நிற்கும் நாளில், மன்றோ உச்சி மூடியிருக்கும்போதே கார்பெட், கிரஹாம் உச்சிகளில் காட்சி கிடைக்கும். வருடத்தில் பாதி நாள் அப்படித்தான்.

அக்கா மகனுக்கு நான் சொன்ன உதாரணம் அரோகர் என்ற ஊர். கிளாஸ்கோவிலிருந்து ரயிலிலேயே போய் இறங்கலாம். அங்கே மூன்று மலை பக்கத்தில் பக்கத்தில். பெய்ன் நார்னைன் 926 மீட்டர், பெய்ன் ஈமெ 1,011 மீட்டர், இரண்டும் மன்றோ. மூன்றாவது காப்ளர், 884 மீட்டர், வெறும் கார்பெட். கீழே கடல்வாயின் கரையில் நின்று பாருங்கள். கண் எங்கே போகிறது? குனிந்து செருப்புத் தைப்பவர் மாதிரி மூன்று பாறைக் கொம்புகளோடு நிற்கும் அந்தக் குட்டை மலைக்குத்தான். பெரியவை இரண்டும் பின்னால் சும்மா நிற்கின்றன.

போன வாரம் இருவரும் போனோம். ஓடையோரப் பாதை, நார்னைன் பாறாங்கற்கள், அப்புறம் படிபோல அடுக்கிய கற்கள். மூன்று மணி நேரத்தில் நடுக்கொம்பு. அங்கேதான் வம்பு: உண்மையான உச்சி ஒரு தனிப் பாறை. ஏற வேண்டுமானால் அதன் வயிற்றில் இருக்கும் ஓட்டைக்குள் நுழைந்து, மறுபக்கம் ஒரு முழ அகலத் திண்டில் ஊர்ந்து போய், அங்கிருந்து மேலே கைவைத்து ஏற வேண்டும். ஊசியில் நூல் கோப்பது என்பார்கள். கீழே பள்ளம்.

நான் ஓட்டைக்குள் தலையை விட்டுப் பார்த்தேன். காற்று மறுபக்கத்திலிருந்து முகத்தில் அடித்தது. தலையை எடுத்துவிட்டு, டிபன் பாக்ஸைத் திறந்தேன்.

அவன் போய்விட்டான். மேலேயிருந்து சத்தம் வந்தது: "மாமா, இது லிஸ்ட்ல எத்தனாவது?"

"உனக்கு முதல் கார்பெட்டுடா. எனக்கு இன்னும் கணக்கில் வரல" என்றேன்.